பதினோரு மணி போன்

நான் பயந்த சுபாவம். காஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, வாசலைச் சரியாகப் பூட்டினேனா என்று இன்னொரு தடவையும் வந்திருக்கிறேன். என் கணவர் பள்ளி ஆசிரியர், பொறுமைசாலி. "நீ பார்க்கற வேலைக்கு இவ்வளவு பயம் ஆகுமா?" என்று கேட்பார். "பயம் இருக்கறதாலதான் வேலை ஒழுங்கா நடக்குது" என்பேன். பல வருடங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன இல்லத்தில் எனக்கு வேலை. மனநோய் வந்து, வீட்டாரால் கைவிடப்பட்ட பெண்கள் அங்கே வருவார்கள். மருந்து கொடுப்பதும் மனசைத் தேற்றுவதும் டாக்டர் பாடு. தேறியவர்களுக்கு வெளியே ஒரு வேலை தேடிக் கொடுத்து, தனியாக வாழ வைப்பது என் பாடு. டாக்டரை எல்லோரும் கும்பிடுவார்கள். என்னைப் பார்த்தால் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் "மேடம், ஆள் எடுத்தாச்சு" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். நான் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்த பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சீர்காழிப் பக்கத்துக் கிராமம். வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டத்தில், "இங்கயே உட்காரு, டீ வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போன கணவன் திரும்பி வரவில்லை. "இன்னும் டீ வரல மேடம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சட்டென்று சிரிப்பு வரும் அவளுக்கு. வந்தால் அடக்கத் தெரியாது. எனக்கு அந்த டீ கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆளைத் தேடிப் போய் நாலு அறை விட வேண்டும் போல இருக்கும்.

மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். ராத்திரி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்ற அளவுக்குத் தேறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு இடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஒரு விடுதிச் சமையலறையில், கூட வேலை பார்த்தவள் இவள் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அடுத்து ஒரு ஜவுளிக்கடை. ஊர்க்காரி ஒருத்தி புடவை எடுக்க வந்தவள் இவளை அடையாளம் கண்டுகொண்டு, "இது அந்தப் பைத்தியம்ல?" என்று கல்லாவில் இருந்தவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். அங்கேயும் முடிந்தது.

அன்றைக்கு அவள் அழவில்லை. இல்லத்துக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவை போறேன் மேடம். அதுவும் போச்சுன்னா என்னை இங்கயே விட்ருங்க. வேலை, வேலைன்னு என்னைக் கூப்பிடக் கூடாது."

இந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அப்படிச் சொல்லி, சொன்னபடியே நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி மடிப்பார்கள், காய் நறுக்குவார்கள், ஜெபத்துக்கு வந்து உட்காருவார்கள். கேட் பக்கம் மட்டும் போகவே மாட்டார்கள். பத்து வருடமாகப் போகாதவர்கள் இரண்டு பேர் அப்போதும் இல்லத்தில் இருந்தார்கள்.

அந்த ஒரே ஒரு தடவைக்காக நான் தேடிப் பிடித்தது ஒரு சின்ன ரைஸ் மில். புழுங்கலரிசி மில். நெல்லைத் தொட்டியில் ஊறப் போட்டு, அவித்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்து அரைப்பார்கள். களத்தில் ஏழெட்டுப் பெண்கள் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக்கொண்டே நடந்து காயவைக்கிற வேலை. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளியிடம் மறைப்பதில்லை, கூட வேலை செய்பவர்களிடம் நாமாகச் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம்.

அவர் கேட்டுவிட்டு, "வேலை தெரியுமா? அதைச் சொல்லுங்க" என்றார்.

அவள் குனிந்து களத்திலிருந்து இரண்டு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். "இன்னும் அரை வெயில் காயணும்" என்றாள். முதலாளி தானும் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். "நாளைக்கே வரச் சொல்லுங்க."

மில்லுக்குப் பின்தெருவில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு முதலாளிக்குப் போன் செய்தேன். நன்றி சொல்லத்தான் செய்கிறேன் என்று என்னிடமே பொய் சொல்லிக்கொண்டு செய்தேன். நன்றி சொல்லி முடித்ததும், "எப்படி இருக்காங்க சார்? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டேன்.

"பிரச்சினையா? அதெல்லாம் இல்லையே. நல்லா செய்யறாங்க."

அன்று முழுக்க நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலைக்குள் தீர்ந்துபோய்விடும், நானும் பதினோரு மணிக்குப் போனை எடுப்பேன். முதல் வாரம் முழுக்க, "நல்லா இருக்காங்க மேடம்" என்றார். இரண்டாவது வாரம், "இருக்காங்க. ஏன் மேடம், ஏதாவது வருமா?" என்று கேட்டார். "வராது சார், சும்மாதான் கேட்டேன்" என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. தினமும் ஒருத்தி போன் செய்து, ஒண்ணும் ஆகலையே, ஒண்ணும் ஆகலையே என்று கேட்டால், என்னவோ ஆகப்போகிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொல்ல ஆரம்பித்தார். "இன்னைக்கு கொஞ்சம் பேசாம இருக்காங்க." "நேத்து சாப்பிட லேட்டா உட்கார்ந்தாங்க." பாய்லர் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். களத்துப் பெண்களுக்குத் தலைமையாக ஐம்பது வயசுக்கு மேல் ஒரு அம்மாள் உண்டு, எல்லோருக்கும் பெரியக்கா. அந்தப் பெரியக்காவிடம், "அதுமேல ஒரு கண்ணு வச்சுக்க" என்றும் சொல்லிவிட்டாராம். பெரியக்கா சும்மா விடுவாரா? ஏன், எதுக்கு என்று துருவி எடுத்துவிட்டார். விஷயம் களம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் நேரில் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். களத்தில் ஒரு பழக்கம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் குழம்பை அடுத்தவருக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். எட்டு வீட்டுக் குழம்பும் எல்லோர் சோற்றிலும் இருக்கும். அன்றைக்கு அவளுடைய தூக்குவாளி வட்டத்தைச் சுற்றிவிட்டு, மூடி திறக்காமல் அவளிடமே திரும்பி வந்தது. அவள் அதைத் தன் சோற்றிலேயே ஊற்றிக்கொண்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எவ்வளவு மோசமான மனுஷங்க என்று கணவரிடம் அவர்களைத்தான் திட்டித் தீர்த்தேன்.

புரட்டாசி கடைசி. குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிந்துகொண்டிருந்தது. வானம் ஒரு நாளைப் போல மூடிக்கொண்டு நின்றது. ஒரு நாள், வழக்கம்போல் பதினோரு மணிக்குப் போன் செய்தேன். "களத்துலதான் நிக்கிறேன் மேடம், அவங்களத்தான் பாத்துக்கிட்டு..." என்று முதலாளி சொல்லும்போதே ஏதோ சத்தம், "சே!" என்று ஒரு வார்த்தை, போன் கட்டாகிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"மேடம், அவங்க தானா சிரிக்கிறாங்க. களத்து நடுவுல நின்னுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இங்க நெருப்பு, மிஷினு எல்லாம் இருக்கு. எனக்கு வேணாம் மேடம். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் மோசமானதைத்தான் நினைத்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டாளோ? நான் அவசரப்பட்டு அனுப்பிவிட்டேனோ? டாக்டருக்கு என்ன பதில் சொல்வது? பிறகு இல்லத்துக் கேட் நினைவு வந்தது. இன்றைக்கு அவளை வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்விட்டால், இனி அவள் அதைத் தாண்ட மாட்டாள் என்று நினைத்து வண்டியை இன்னும் முறுக்கினேன். வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்த டிராக்டர்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். என்ன திட்டினார் என்று காதில் விழவில்லை.

மில்லுக்குள் நுழைந்தபோது முதல் தூறல் விழுந்தது. களத்தில் ஒரே ஓட்டமாக இருந்தது. அவித்த நெல் நனைந்தால் போச்சு. பெண்கள் பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களில் ஒருத்தியாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அந்த முனைய இழுங்கக்கா, காத்து தூக்குது!" என்று கத்திக்கொண்டு தார்ப்பாயை இழுத்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மூடி முடித்து, நாலு மூலையிலும் கல் வைத்த பிறகுதான் வந்தாள்.

"என்ன மேடம் இந்த நேரத்துல?"

முதலாளி சற்றுத் தள்ளி நின்றார். நான் குரலைத் தணித்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரி, "ஏம்மா சிரிச்சே? எதையாவது நினைச்சுக்கிட்டியா? ஏதாவது சத்தம் கேட்டுதா?" என்று கேட்டேன்.

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல மேடம். மொதலாளி தினம் பதினோரு மணிக்கு யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டே, என்னையே பாத்துக்கிட்டே நடப்பாரு. இன்னைக்கு அப்படியே பின்னால நடந்து போயி, ஊறல் தண்ணி ஓடுற சாக்கடையில கால விட்டுட்டாரு. முழங்கால் வரைக்கும் நாத்தம். ஒரு செருப்பு உள்ளயே போயிடுச்சு. சிரிக்காம என்ன பண்ணுவாங்க?"

முதலாளியின் காலைப் பார்த்தேன். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு, யாருடையதோ.

பெரியக்கா பக்கத்தில் வந்து நின்றார். "நாங்க எல்லாருந்தாங்க சிரிச்சோம். நாங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டோம், இதுக்குப் பொத்தத் தெரியல. அதுக்காகக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, எங்களையும் வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

முதலாளி முகம் சிவந்து, "சரி சரி, அந்தப் பக்கம் தார்ப்பாய் சரியா இல்ல, போய்ப் பாருங்க" என்று அதட்டினார். தார்ப்பாய் சரியாகத்தான் இருந்தது. அவரிடம் போய், "தப்பு என்னோடது சார். நான்தான் உங்களை அப்படிப் பார்க்க வச்சேன். இனிமே போன் பண்ண மாட்டேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "இருக்கட்டும் மேடம். அவங்க இருக்கட்டும்" என்றார்.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அந்தப் போனு நீங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"தினமுமா?"

தலையாட்டினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. மழை தார்ப்பாய் மேல் தடதடவென்று விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல், மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்கிட்டயும் போன் இருக்கு மேடம். நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க. நான் எப்படி இருக்கேன்னு தெரியணும்னா, எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

அடி விழுந்த மாதிரி இருந்தது. இருபது நாளில் இருபது தடவை அவளைப் பற்றி விசாரித்திருக்கிறேன், அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தவளும், ஜவுளிக்கடைக்கு வந்த ஊர்க்காரியும் அவளை ஒரே ஒரு நாள்தான் காட்டிக் கொடுத்தார்கள். நான் தினமும் செய்திருக்கிறேன், அதுவும் அக்கறை என்ற பெயரில். மன்னிப்புக் கேட்டேன். "அழாதீங்க மேடம், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

மறுநாள் பத்தரையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலாளி மனசு மாறியிருப்பாரோ? ராத்திரி அவள் தூங்கினாளோ? என் மேல் கோபத்தில் வேலைக்கே போகாமல் இருந்துவிட்டாளோ? போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினோரு மணிக்கு அவள் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து அடித்து நின்றது. முதலாளி எண்ணுக்கு விரல் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்து, மறுபடியும் அவள் எண்ணையே போட்டேன்.

இந்தத் தடவை எடுத்தாள். பின்னால் மிஷின் இரைச்சல், யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம்.

"என்னம்மா, எப்படி இருக்கே?"

"வேலையில இருக்கேன் மேடம், அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.