பிள்ளையார் சுழி போட்ட வாக்கு

அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். நான் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். ஒவ்வொரு மழைக்கும் என் பம்பை வைத்துத் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீரையும் இறைத்துவிட்டிருக்கிறேன். கால்வாய் ஒன்று வெட்டினால் தீர்ந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. நகராட்சித் தேர்தல் வந்தபோது தெருவில் நாலு பேர் என்னை நிற்கச் சொன்னார்கள். சுயேச்சையாக நின்றேன். ஜெயித்தால் கால்வாய். வேறு ஆசை இல்லை.

எண்ணிக்கை அன்று வேலை நாள். நிற்கச் சொன்னவர்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். வீட்டிலும் நான் ஒருவன்தான். தனியாகப் போனேன். காலேஜ் ஹாலில் மேசைக்கும் எங்களுக்கும் நடுவே கம்பி வலை. மற்ற வேட்பாளர்களைச் சுற்றி ஏஜென்ட்டுகள் நின்றார்கள். பக்கத்தில் நின்ற கட்சிக்காரர் என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, தனியா வந்துகீற? ஒரு ஏஜென்ட்டு கூடவா சிக்கல?"

"நானே போதும்."

"அது சரி. ஜெயிச்சா மாலைய யாரு போடுவா? நீயே போட்டுக்குவியா?"

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

முதலில் தபால் வாக்கு. தேர்தல் வேலைக்குப் போன டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும் போட்டது. அதிகாரி அம்மா ஒவ்வொரு சீட்டையும் பிரித்து வலைக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் என் சின்னத்துக்கு எதிரே டிக் இருந்தது. சீட்டின் தலையில் பிள்ளையார் சுழியும் இருந்தது.

"மேல எழுதியிருக்காங்க. போட்டது யாருன்னு தெரியற மாதிரி எந்தக் குறியும் இருக்கக்கூடாது. செல்லாது" என்று தனியாக வைத்தார்.

பிறகு மிஷின்கள். சீல் பிரியாமல் இருப்பதைக் காட்டிவிட்டு பட்டனை அமுக்கினார்கள். நானும் கட்சிக்காரரின் வேட்பாளரும் மாறி மாறி முன்னே வந்தோம். கடைசி மிஷினும் முடிந்தது. கூட்டிப் பார்த்தார்கள். ஒரு வாக்கில் நான் பின்னால்.

அந்தச் சீட்டு செல்லும் என்றால் இரண்டு பேரும் சமம். சமம் என்றால் குலுக்கல். குலுக்கலில் யாருக்கும் விழலாம்.

"முடிவு சொல்லப்போறேன். மறுபடி பாக்கணும்னா இப்பவே எழுதிக் குடுங்க. சொன்ன பிறகு கேக்க முடியாது" என்றார் அதிகாரி அம்மா.

எனக்கு எழுத வரும். மெதுவாகத்தான் வரும். கம்பி வலையில் தாளை வைத்து எழுதினேன். பேனா ஓட்டை போட்டது.

"சீக்கிரம் நைனா, வெளிய மேளக்காரன் வெயில்ல காஞ்சிகினு கீறான்" என்றான் பின்னால் ஒருவன்.

எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அம்மா அந்தச் சீட்டை மறுபடி எடுத்தார். "சொல்லுங்க" என்றார்.

"பிள்ளையார் சுழிம்மா. பாதி ஊரு போடறது. மளிகைக்கு எழுதறதுல கூட போடறாங்க. இத வச்சி ஆளு யாருன்னு எப்டிம்மா தெரியும்?"

மேடையேறிக்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

கட்சிக்காரர் குறுக்கே வந்தார். "இன்னிக்கி சுழி போடுவான், நாளிக்கி ஊட்டு அட்ரஸ் போடுவான். ரூல்னா ரூல்தான மேடம்?"

அதிகாரி அம்மா விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். பக்கத்து அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு நிமிர்ந்தார்.

"நீங்க சொல்றது புரியுது. ஆனா குறி குறிதான். செல்லாது."

முடிவைப் படித்தார். கட்சிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வெளியே வெடி வெடித்தது. கால்வாய் போயிற்று.

செல்லாத சீட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைக்க எடுத்தார்கள். வேட்பாளர்கள் விரும்பினால் உறைமேல் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். ஹாலில் வேட்பாளர் என்று நான் மட்டும்தான் மிச்சம். உறைக்குள் போகும் முன் அந்தச் சுழிச் சீட்டை இன்னொரு தரம் பார்த்தேன். சுழி நிதானமாகப் போட்டிருந்தது. நல்ல காரியம் தொடங்கும்போது போடுவது போல. எனக்குத் தெரிந்தவர்களில் டீச்சரும் இல்லை, ஆபீஸ்காரரும் இல்லை. பிறகு யார் போட்டது?

கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றபடி, உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் பை வைத்திருந்த ஒரு அம்மா முறைத்தார். அதற்கப்புறம் வெளியே பார்த்துக்கொண்டேன்.