வெள்ளிக்கிழமை சாமியறைக்குப் போன மீன்

கடல் மீன் விற்கிறவனுக்கு ஐஸ் உருகிவிடுமே என்று கவலை; குளத்து மீன் விற்கிற எனக்கு, மீன் இறங்கிப் போய்விடுமே என்று கவலை. கோழி வளர்க்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், பின்னேர வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் என்று உயிருள்ள சரக்கோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் என் கட்சிதான். நீங்களாவது நான் சொல்வதை நம்புங்கள்.

நான் விற்பது விராலும் பனையேறியும். உன்னிச்சைக் குளத்துப் பக்கம் விடியவே போய் வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஏறாவூர், தன்னாமுனை என்று விற்றுக்கொண்டே மட்டக்களப்பு நகரம் வரை வருவேன். இரண்டு மீனும் தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு விடும். பனையேறி அதற்கும் மேலே. செவுள் மூடியைத் தரையில் குத்தி, வாலால் உந்தி, நடந்தே போய்விடும். உயிரோடு இருந்தால்தான் சனம் வாங்கும். உயிரோடு இருந்தால் அது பெட்டியில் நிற்காது.

நகரத்தில் சந்து மாதிரி ஒரு ஒழுங்கையில் மட்டும் எனக்குப் பதினொரு வீடு. முதல் வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற அதிபர் அம்மா வாங்கினால் மற்றப் பத்து வீடும் வாங்கும். அவர் என்னிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், தன் வீட்டுக்குள் ஒரு மீன் நடந்தாலும் அதோடு நான் ஒழுங்கைக்குள் வரக்கூடாது என்று. அந்த ஒழுங்கை போனால் என் வீட்டில் அடுப்பெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கிறவல் ரோட்டில்

தொழில் தொடங்கிய முதல் நாள், பெட்டிக்கு மூடி போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஈரச்சாக்கை மட்டும் போர்த்திக்கொண்டு புறப்பட்டேன். செம்மண் சரளை போட்ட அந்தக் கிறவல் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பனையேறி இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

பின்னால் சைக்கிளில் வந்த ஒரு வயல்காரர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க மிதித்து வந்து என்னை மறித்தார். தொப்பியை நீட்டிவிட்டு, வலப்பக்கம் இருந்த வயல் வட்டையையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க மீன் விக்கப் போறீங்களா, விதைச்சிக்கிட்டுப் போறீங்களா?"

பஸ்ஸில்

ஒருநாள் மோட்டார் சைக்கிள் செங்கலடியில் மக்கர் பண்ணிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மூடி இருந்தது, அதைக் கட்டுகிற கயிறுதான் மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்டது. தன்னாமுனை தாண்டுகிற நேரம் பின் சீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்தார்கள். பிறகு நடுச் சீட்டுக்காரர்கள். பஸ் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

கண்டக்டர் கோபிக்கவில்லை. குனிந்து, தன் செருப்புக்கு மேலால் ஏறிப்போன கடைசிப் பனையேறியைக் கண்ணால் வழியனுப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நடக்கத் தெரிஞ்ச மீனை என்னத்துக்கு அண்ணன் பஸ்ஸில ஏத்தினீங்க?"

ஏறாவூரில்

ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் ஒரு நல்ல விரால் வாங்கினார். செத்திருக்கும் என்று நினைத்து அப்படியே பையோடு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். காலையில் பால் எடுக்கத் திறந்தால், விரால் பையை விட்டு வெளியே வந்து, கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் படுத்திருந்து வாயைத் திறந்து மூடியதாம். அடுத்த நாள் நான் போனபோது கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் கறிக்கு மீன் கேட்டன். நீங்க வீட்டுக்கு விருந்தாளியல்லவா அனுப்பி இருக்கீங்க."

சாமியறையில்

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் சைவ சமய வீடுகளில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. வாங்கவும் மாட்டார்கள், சமைக்கவும் மாட்டார்கள். அதனால் வியாழக்கிழமை பின்னேரத்தில் எனக்கு வியாபாரம் படுத்துவிடும். அப்படி ஒரு வியாழக்கிழமை அதிபர் அம்மாவிடம் ஒரு நியாயம் சொன்னேன். செத்தால்தான் மச்சம், உயிரோடு வாளியில் இருந்தால் அதுவும் ஆடு மாடு மாதிரி ஒரு சீவன்தானே, சனிக்கிழமை காலையில் கறியாக்கிக்கொள்ளலாமே என்று. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பனையேறி வாங்கினார். மற்றப் பத்து வீடும் வாங்கியது. நான் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு அவருடைய கணவர் போன் எடுத்தார். உடனே வரச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் நடந்தது இதுதான். மீன் பசியில் கிடக்குமே என்று அந்த மனிதர் வாளியைத் திறந்து சோறு போட்டிருக்கிறார், மூடவில்லை. அம்மா முழுகி, விளக்கேற்றி, கண்ணை மூடித் தேவாரம் பாடியிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது கும்பத்துக்குப் பக்கத்தில், பிள்ளையாரைப் பார்த்தபடி பனையேறி.

வெள்ளிக்கிழமை, அம்மா மீனைத் தொடக்கூடாது. கணவருக்கு முள்ளுக்குப் பயம். நான் தொடலாம், ஆனால் என்னில் அடிக்கிற மீன் வாசத்துக்குச் சாமியறைக்குள் விட ஏலாது. என்னைக் கிணற்றடியில் நிறுத்தி மூன்று வாளி ஊற்றினார்கள். கணவரின் வேட்டியைக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி உள்ளே அனுப்பினார்கள். வெறும் கையால் தூக்க மனம் வராமல் பித்தளைத் தட்டத்தில் மீனை ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன். வேலிக்கு மேலால் பத்து வீடும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமியைத் தேடிப் போன மீனைக் கறியாக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கிணற்றில் விட்டோம். அது ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்விட்டது. ஒழுங்கை போனது, அடுப்பு அணைந்தது என்று நினைத்துக்கொண்டு, ஈர வேட்டியோடு தலையைக் குனிந்து நின்றேன். உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது. அம்மா என்னையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாடசாலையில் தவணை அறிக்கை கொடுக்கிற குரலில் சொன்னார்.

"நாளைக்கு வாங்க. ஆனா, பக்தி இல்லாத மீனாப் பாத்துக் கொண்டு வாங்க."

அந்த ஒழுங்கைக்கு இன்றைக்கும் நான்தான் மீன்காரன். வியாழக்கிழமைகளில் மட்டும் புறப்படுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மீனின் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.