துவைகல்லில் படுத்திருக்கும் கோழி

புன்னைக்காயலில் ரோஸ்லின் அக்கா வீட்டுப் புறவாசலில் குந்தியிருக்கிறேன். ஒன்பது மாதத்துக்கு முன் நானே இங்கே புதைத்துவிட்டுப் போன, நிலஅதிர்வைப் பதியும் பெட்டியைத் திறக்கிறேன். சுமத்ரா பக்கம் பூமி குலுங்கினால் அந்த அதிர்வு இந்தக் கரைக்கு அடியில் எப்படிக் கடந்து போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

பேட்டரி நன்றாக இருக்கிறது. சோலார் தகட்டில் காக்கை எச்சம்கூட இல்லை. அக்கா தினமும் துடைத்திருக்கிறார். மெமரி கார்டு இருக்க வேண்டிய இடம்தான் காலியாக இருக்கிறது. அன்று கார்டைப் போட மறந்திருக்கிறேன்.

இரண்டடி தள்ளித் துவைகல் காய்ந்து வெளுத்திருக்கிறது. அதன்மேல் ஒரு கோழி படுத்திருக்கிறது.

"துணி அடிச்சுத் துவைச்சா பெட்டி அதிரும்னு சொன்னியள்லா சார்," என்கிறார் அக்கா. "அன்னையிலேருந்து எல்லாத் துணியவும் மைனி வீட்டுக்குத்தான் சொமந்துட்டுப் போறேன். நாலு தெரு தள்ளி. எல்லாம் பதிஞ்சிருக்கா?"

"நல்லாப் பதிஞ்சிருக்குக்கா."

காது சுடுகிறது. பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் இன்னும் குனிந்துகொள்கிறேன்.

"அப்ப இன்னைக்கு இங்கனயே துவைச்சுக்கிடட்டா?" அக்கா கோழியை விரட்டிவிட்டு, துணி வாளியைக் கல்லின்மேல் கொண்டுவந்து வைக்கிறார்.

மாற்றுவதற்காகக் கொண்டுவந்த புதுக் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அவர் பார்க்காமல் செருகுகிறேன்.

"இன்னும் ஆறு மாசம் மட்டும்க்கா."

"அதுக்கென்ன சார்," என்று வாளியைத் திரும்பத் தூக்கிக்கொள்கிறார்.