அக்கா ஆக்கிய சோறு

திண்டிவனத்தை அடுத்த எங்கள் காலனியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. இருபத்தேழு வயதில் மாமாவை இழந்தார். அதன்பிறகு மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தார். விழுப்புரத்தில் எனக்கு அரசு வேலை கிடைத்த மறுவருடம், ஊர்ப்பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அக்காவுக்குச் சமையல் வேலை வந்தது.

முதல் நாளே ஊர்த்தெருப் பெற்றோர் வந்து பிள்ளைகளின் தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். "காலனிக்காரி ஆக்கறத எங்க புள்ளைங்க துன்னணுமா?" என்று ஒருவர் கொதிக்கிற உலையில் மண்ணை அள்ளிப் போட்டார். அக்கா அழவில்லை. பானையைக் கழுவி மறுபடி உலை வைத்தார். காலனிப் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டார்கள். மிஞ்சியதை ஊர்த்தெருக்காரர்கள் தங்கள் மாட்டுக்கு எடுத்துப் போனார்கள். மாடு தின்றால் மட்டும் தீட்டில்லையாம்!

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு மழைக்காலத்தில் ஊர்த்தெருச் சிறுமிகள் இருவர் பசி தாங்காமல் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் ஒன்பது பேர். அதைச் சொல்லவே அக்கா விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்தார்.

"ஒம்போது பேருடா தம்பி! ஒரு பொண்ணு ரெண்டாந்தரம் சாம்பார் கேட்டுச்சிடா!"

என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா படும் அவமானம் பொறுக்காமல், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அதிகாரியின் கையைக் காலைப் பிடித்துப் பக்கத்து ஊர்க் காலனிப் பள்ளிக்கு மாறுதல் கேட்டிருந்தேன், பாவி. அந்த வாரமே ஆணை வந்துவிட்டது.

"அவங்கோ இன்னா கேட்டாங்களோ, அத்த நீயே பண்ணிக் குடுத்துட்டியேடா" என்றார் அக்கா. அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆணையை ரத்து செய்ய நடையாய் நடந்தேன், நடக்கவில்லை. அக்கா இருந்த இடத்துக்கு ஊர்த்தெருவிலிருந்தே ஆள் போட்டார்கள்.

சென்ற ஆண்டு காமாலை கண்டு பத்தே நாளில் அக்கா போய்விட்டார்.

கடைசி வரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த காலனித் தாய்மார்களுக்கும், பாடை சுமந்த தம்பிமார்களுக்கும் என் நன்றி. மாலையோடு வந்த ஊர்த்தெருப் பெரியவர்களுக்கும் நன்றி. அன்று நீங்கள் எங்கள் தெருமுனையிலேயே நின்று, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினீர்கள்.

இன்று அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. நான்தான் ஆக்கினேன். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.