ஏழு மெகாஹெர்ட்ஸும் எலுமிச்சம்பழமும்

ஜீப்புக்கு எந்த ஆண்டெனா வைக்கலாம்னு லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ்ல பேசற ஹாம் ரேடியோக்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, பொண்ணு பார்க்கப் போன கூட்டத்துல அபிப்பிராயம் கேட்ட கதைதான். ஒருத்தர் குட்டையா இருந்தாப் போதும்பாரு, இன்னொருத்தர் நெட்டையா இருந்தாத்தான் லட்சணம்பாரு. அப்ப எனக்கு ஏழாவது மாசம். வயித்தைப் புடிச்சுக்கிட்டு அளவு டேப்பும் கையுமா ஜீப்பைச் சுத்திச் சுத்தி வந்ததைப் பார்த்துட்டு எங்க மாமனார், "ஏஞ்சாமி, இந்த மாசத்துல பொம்பளைங்க ஆஸ்பத்திரி பார்ப்பாங்க, நீ கம்பி பார்க்கறே"ன்னாரு.

கம்பி பார்த்ததுக்குக் காரணம் அவரு பெத்த மகன்தான். எங்கூட்டுக்காரரு போர்வெல் ரிக் வண்டியோட சத்தீஸ்கர் காட்டுல இருந்தாரு. போனுக்கு அங்க சிக்னலே கிடையாது. ஆனா ரேடியோ இருந்துச்சு. கல்யாணமான புதுசுல எல்லாரும் ஊட்டிக்குப் போவாங்க, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து மோர்ஸ்ங்கிற தந்தி பாஷை படிச்சு லைசென்ஸ் வாங்கினோம். அவரு கேம்ப் வண்டியில ஒரு ஆண்டெனாவை மாட்டிக்கிட்டு, தினமும் பொழுது சாயற நேரத்துல ஏழு மெகாஹெர்ட்ஸ்ல கூப்பிடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

எங்க ஊடு எருமப்பட்டிக்குப் பக்கத்துல, தோட்டத்துக்குள்ள. பக்கத்துலயே கோழிக் கொட்டாய். அங்க வரிசையா எரியற எல்ஈடி லைட்டு ரேடியோவுல கிளப்பற இரைச்சல்ல, ஊட்டு மாடியில கட்டின ஆண்டெனாவுல ஒரு மனுசன் குரல் கேக்காது. அதனாலதான் ஜீப். ரேடியோவைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஏரிக்கரைப் பக்கம் போயிட்டா இரைச்சல் இல்லை.

சும்மா பேசறதுன்னா நானும் பொறுமையா இருந்திருப்பேன். ஆனா வளைகாப்பைத் திடீர்னு முன்னுக்கு இழுத்துட்டாங்க. அடுத்த மாசம் நல்ல நாளே இல்லையாம், வர்ற வெள்ளிக்கிழமைதான்னு ரெண்டு ஊட்டுக்காரங்களும் பேசி முடிச்சாச்சு. அவருக்கு அடுத்த மாசம்னுதான் தெரியும். ஞாயித்துக்கிழமை கேம்பு இன்னும் உள்காட்டுக்கு மாறுது, மரக்கிளை அடிக்கும்னு ஆண்டெனாவைக் கழட்டிருவாங்க. கேம்புக்கு டீசல் கொண்டு போற வண்டிக்காரன்கிட்டச் சொல்லி விட்டா, வளையல் எல்லாம் போட்டு முடிச்ச அப்புறம்தான் சேதி போய்ச் சேரும். அவரு இல்லாம கையை நீட்டறதாவது! சனிக்கிழமைக்குள்ள அவரு காதுல போட்டாத்தான் உண்டு.

அம்மாபேட்டையில ஜவுளி யாவாரம் பண்ற பாய் ஒருத்தர், ரேடியோவுல எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி. அவர்தான் என் குழப்பத்தைத் தீர்த்து வெச்சாரு. "தங்கச்சி, இந்த அலைவரிசைக்கு ஒழுங்கான கம்பின்னா பத்து மீட்டர் வேணும். அதை ஜீப்புல நட்டுக்கிட்டுப் போனா ரோட்டுக் கரண்டு கம்பியில தட்டிரும். நடுவுல காயில் சுத்தின ஆளுயரக் கம்பி வாங்கு. காந்தத்துல ஒட்டறதெல்லாம் வேணாம், பம்பர்ல போல்ட்டுப் போட்டு இறுக்கு. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்புல உக்காரணும்"னாரு.

பெயிண்டைச் சுரண்டினப்ப மாமனார் பட்ட பாடு இருக்கே! "என் வண்டியைத் தோலை உரிக்கறியே, நல்லா இருப்பியா?"ன்னு கத்திட்டு, வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "தள்ளு, உனக்கு உப்புத்தாள் புடிக்கத் தெரியலை"ன்னு அவரே தேய்ச்சுக் குடுத்தாரு. அந்தக் காலத்துல ரிக் ஓட்டின கை. தேய்ச்சதும் இரும்பு பளபளன்னு ஆயிருச்சு. வண்டியில புதுசா ஒண்ணு ஏறினா எங்க ஊட்டுல என்ன நடக்குமோ அதுவும் நடந்துச்சு. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து, காயிலுக்கு மேல ஆண்டெனாவுலயே கட்டிட்டாரு.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்கலை. எங்க பக்கத்துல எலுமிச்சம்பழம் கட்டாத வண்டிதான் கண்ணுல படும், கட்டினது படாது. நம்ம அனுப்பறதுல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற மீட்டரை வெச்சுக்கிட்டு, முள்ளை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுகிட்ட நின்னாத்தான் அனுப்பறது முழுசா வெளிய போகும். முள்ளு மூணைத் தாண்டி நிக்குது. மேல்கம்பியைக் கொஞ்சம் வெட்டினேன். இறங்குச்சு. இன்னும் கொஞ்சம். அட, இன்னும் இறங்குது! வாங்கின எடத்துல சொன்ன அளவைத் தாண்டியும் வெட்டிட்டேன். ஒண்ணுக்குப் பக்கத்துல முள்ளு வந்து நின்னப்ப, குதிக்கக் கூடாத உடம்புன்னு மறந்து குதிச்சே போட்டேன். மாமியார் உள்ள இருந்து போட்ட சத்தம் நாலு தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும். "கணீர்னு வருது தங்கச்சி"ன்னாரு ரேடியோவுல பாய். அன்னைக்குச் சாயந்தரம் எங்கூட்டுக்காரரு பக்கம் ஒரே இடி மழை, கரகரப்பைத் தவிர ஒண்ணும் வரலை. சரி, இன்னும் ஒரு நாள் இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

சனிக்கிழமை அமாவாசை. சாயந்தரம் மாமனார் ஜீப்பை ஓட்ட, ஏரிக்கரை மேட்டுக்குப் போனோம். ரேடியோவைப் போட்டேன். போட்ட உடனே எங்கூட்டுக்காரரு குரலுங்க! எட்டத்துல, மெலிசா, என்னைத்தான் கூப்பிடறாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. மைக்கை அழுத்திப் பதில் சொன்னேன். அவரு மறுபடியும் என்னையே கூப்பிடறாரு. மறுபடி சொன்னேன். மறுபடி கூப்பிடறாரு. மீட்டரைப் பார்த்தா முள்ளு மூணையும் தாண்டி மேல ஏறிக் கிடக்குது!

போல்ட்டை இறுக்கினேன். கேபிளை ஆட்டிப் பார்த்தேன். சுரண்டின எடத்துல துரு ஏறிருச்சான்னு துடைச்சேன். ஒண்ணும் நகரலை. இருட்டிட்டா அந்த அலைவரிசையில அவ்வளவு தூரம் புடிக்கறது சந்தேகம், அதோட வெளிநாட்டு ஸ்டேஷனுங்க வேற வந்து மூடிரும். எனக்கு அவரு கேக்குது, அவருக்கு நான் கேக்கலை. மாமனார் மேல எரிஞ்சு விழுந்தேன். "வண்டியில எதை மாத்துனீங்க?"

"நான் எதைச் சாமி மாத்துனேன்? அமாவாசைன்னு பழத்தை மாத்துனேன், அவ்வளவுதான்."

திரும்பிப் பார்த்தேன். பழம் இருந்துச்சு, மிளகாய் இருந்துச்சு, எல்லாம் இருந்த எடத்துலயே இருந்துச்சு. ஆனா வெள்ளை நூலு.

"மாமா, பழையதை எதுல கோத்தீங்க?"

"கட்டுக்கம்பியில. நூலு புழுதிக்கு இத்துப் போயிரும்ல? இது சந்தையில கோத்து வித்தது."

அடக் கடவுளே! நான் வெட்டி வெட்டிச் சரி பண்ணினது வெறும் ஆண்டெனாவை இல்லை, கட்டுக்கம்பியில தொங்கின எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து. அந்த முழம் கம்பியும் ஆண்டெனாவுல ஒரு பங்கா வேலை பார்த்துக்கிட்டிருந்திருக்கு. அது போனதும், நான் வெட்டின கம்பி பத்தாமப் போச்சு.

"மாமா, கட்டுக்கம்பி! சீக்கிரம்!"

ரிக் ஓட்டின மனுசன் வண்டியில சோறு இல்லாமப் போகும், கட்டுக்கம்பி இல்லாமப் போகாது. சீட்டுக்கு அடியில இருந்து எடுத்து, பழத்தை உருவி, பழைய மாதிரியே கோத்து, பழைய எடத்துலயே முறுக்கிக் கட்டினாரு. அவரு கை ஆண்டெனாவை விட்டு விலகினதும் நான் மைக்கை அழுத்தினேன். முள்ளு சர்ருன்னு இறங்குச்சு.

"கேக்குது! அம்மணி, கேக்குது!" லைசென்ஸ்ல குடுத்த கால்சைனைச் சொல்லித்தான் பேசணுங்கிற சட்டமெல்லாம் அவருக்கு மறந்து போச்சு.

மாமனாருக்கு லைசென்ஸ் இல்லை, வாயைத் திறக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். துண்டை வாயில வெச்சுக்கிட்டு நின்னாரு. நான் கொட்டித் தீர்த்தேன். "ஏனுங்க, வளைகாப்பு அடுத்த மாசம் இல்லீங்க. இந்த வெள்ளிக்கிழமை. இந்த வர்ற வெள்ளிக்கிழமை. நீங்க வராம நான் கையை நீட்ட மாட்டேன், சொல்லிட்டேன்." நாடு முழுக்க எத்தனை பேரு கேட்டாங்களோ, கேட்டா கேக்கட்டும். ஒருத்தரும் குறுக்க வரலை.

அவரு குரல் அலை மாதிரி ஏறி இறங்குச்சு. "வெள்ளிக்கிழமையா... இங்க வண்டி நாளைக்கு..." அப்புறம் இரைச்சல். அப்புறம், "சரி அம்மணி, வாரேன்."

அவ்வளவுதான். இரைச்சல் மூடிருச்சு.

மைக்கைப் புடிச்சபடியே உக்காந்திருந்தேன். எங்க ஊர்ல கெளம்பற ஆளு யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க. எழவு ஊட்டைத் தவிர எங்க இருந்து எந்திரிச்சாலும் வாரேன்தான். கடைக்குப் போறவனும் வாரேன், வருசக்கணக்கா ரிக்குல போறவனும் வாரேன்.

மாமனார் துண்டை எடுத்தாரு. "சாமி, அது போற வாரேனா, வர்ற வாரேனா?"

"தெரியலீங்க மாமா."

அப்பத்தான் ரேடியோவுல பாயோட குரல், பக்கத்துல நின்னு பேசற மாதிரி. "தங்கச்சி, இருக்கியா? உனக்கு அவரு கேக்கலைன்னு நினைக்கறேன். எனக்கு இன்னும் லேசாக் கேக்குது, ஆளு மைக்கை விடவே இல்லை. ராய்ப்பூர்ல இருந்து ஈரோட்டுப் பக்கம் ரயில் எப்பன்னு பார்த்துச் சொல்லச் சொல்றாரு. கொஞ்சம் இரு, போன்ல பார்த்துக்கிட்டு இருக்கேன்."

மாமனார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்துட்டாரு. "ரயிலு கேக்கறானா? நெசமா ரயிலா கேக்கறான்?" லைசென்ஸ் இல்லாத அந்த வாய் மைக்குல விழுந்துறக் கூடாதேன்னு, நான் மைக்கைக் கீழ வெச்சுட்டு அவரு கையைப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்.