கூலிக்கு ஆடியவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ரஹீனா சுடும் பத்திரிக்கு, அந்த அரிசிமாவு ரொட்டிக்கு, காலையிலேயே சாயாக்கடைகள் காத்திருக்கும். கணவர் முகைதீன் பிச்சை, கத்தாருக்கு வண்டி ஓட்டப் போனபோது அவள் தொடங்கிய வேலை. பந்தாட்டத்தில் அவளுக்கு ஆர்வமில்லை. ஆனால் பிரேசில் ரசிகர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிரேசில் தோற்றால் அன்றைக்குச் சோறு மிஞ்சும் என்று தெரியும்.

கத்தாரில் உலகக்கோப்பை தொடங்கவிருந்த நவம்பரில் மகள் சுல்ஃபத்துக்கு நிச்சயம் வைத்தார்கள்.

"கப்பு முடியறவரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதாம், ரஹீனா. நான் என்ன செய்ய?" என்றார் முகைதீன் போனில்.

அத்தா உட்காரவேண்டிய இடத்தில் மாமன் உட்கார்ந்தார். சுல்ஃபத் அழுதாள். பிறகு, "பாவம், டூட்டி" என்று தானே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் எல்லோர் போனிலும் ஒரு வீடியோ. தோஹா தெருவில், பட்டப்பகலில், நம் ஆட்கள் கொட்டடித்து ஆடிப் போகிறார்கள். நடுவில் பிரேசிலின் மஞ்சள் சட்டையில் முகைதீன். இவர்கள் ரசிகர்களே இல்லை, காசு கொடுத்துக் கூட்டிவந்த கும்பல் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதும் கூடவே வந்தது.

சாயாக்கடை இசக்கிதுரை தென்காசிக்காரன், அர்ஜென்டினா கட்சி. பத்திரி கொடுக்கப் போனவளைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா, பிரேசிலுக்குக் கத்த ஆளில்லாம நம்ம பாய்க்குக் கூலி குடுத்தாங்களாமே?"

"அவருக்குக் கூலியா? கல்யாணத்தன்னைக்கே பந்தல்லேர்ந்து மேட்ச் பாக்க எந்திரிச்சுப் போன மனுஷன்டா!"

கடையே சிரித்தது. அவளும் சிரித்தபடி திரும்பினாள். பாதி வழியில்தான் உறைத்தது. லீவே இல்லாத ஆள் பகலில் எப்படித் தெருவில் ஆடுவார்? கம்பெனியே அனுப்பியிருக்குமோ? அப்படியே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டாள். "என்னங்க, கம்பெனிதானே ஆடச் சொல்லி அனுப்புச்சு?"

"நீயும் அதையே கேக்கறியா?" என்றார் அவர். "ஊர் உலகமெல்லாம் கூலிக்காரன்னு சொல்லுது. வருஷ லீவு மொத்தத்தையும் போட்டுட்டுப் போனேன்டி! சொந்தக் காசுல சட்டை வாங்கி..."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

"இனி நம்ம கிட்டத்துல இந்தக் கப்பு எப்ப வரும், ரஹீனா? வாழ்க்கையில ஒரு தடவை."

"நிச்சயமும் ஒரு தடவைதான்." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிப் பாத்திரத்தின் ஒரு காதைச் சுல்ஃபத் பிடித்து வந்தாள். கையில் நிச்சய வளையல். இசக்கிதுரை சாயா ஆற்றிக்கொண்டே, "நீங்க சொன்னதைச் சம்மதிச்சேன்க்கா. கூலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாய் ஒரிஜினல் ரசிகர்தான்" என்றான்.

சுல்ஃபத் திரும்பினாள். "அப்போ டூட்டின்னு அத்தா சொன்னது?"

ரஹீனா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"டூட்டிதான். நீ நேத்துச் சொன்னதுதான்டா நிஜம்," என்றாள் இசக்கிதுரையிடம். "கம்பெனி காசு குடுத்து ஆடச் சொல்லுச்சாம். மாட்டேன்னா சொல்ல முடியும்?"

கடை மறுபடியும் சிரித்தது. சுல்ஃபத்தின் முகம் தெளிந்தது. ரஹீனா பத்திரிகளை எடுத்து இலைமேல் அடுக்கினாள்.