புதன்கிழமைக் கடல்

நகராட்சி அலுவலகத்தில் போய் கட்டட அனுமதிப் பிரிவு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். டேப் அக்கா எங்கே உட்காருவாங்க என்று கேட்டால் வாட்ச்மேன்கூட எழுந்து வந்து கொண்டுபோய் விடுவார். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு மேசை, இரண்டு இரும்பு பீரோ, சத்தம் மட்டும் போடுகிற ஒரு ஃபேன். ஐம்பது மீட்டர் டேப் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே பைதான்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஓரமாக யார் எதைக் கட்டினாலும், கடலுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில் நூறு மீட்டர் இருக்க வேண்டும். அது சட்டம். அந்த நூறு மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அக்கா. கடல் என்ன மதில் சுவரா, இங்கே ஆரம்பம் என்று டேப்பை வைக்க? அதனால் கடல் அதிகபட்சம் ஏறி வருகிற இடத்திலிருந்து அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடல் ஏறி இறங்கும்போது பாசி, சிப்பி, குச்சி என்று ஒரு குப்பை வரியை மணலில் விட்டுவிட்டுப் போகுமல்லவா, அந்த வரியில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து டேப்பை இழுப்பாள்.

இதில் தப்பு எங்கே வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ஜீப்பில் வந்தது. நகராட்சிக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். திங்களும் செவ்வாயும் அது துப்புரவுப் பிரிவுக்கு. வியாழனும் வெள்ளியும் தலைவர் எதையாவது திறந்து வைக்கப் போவார். புதன்கிழமைதான் அக்காவுக்கு. துப்புரவுப் பிரிவு அந்த இரண்டு நாளில் என்ன செய்யும்? கடற்கரையைப் பெருக்கும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் மேலே ஏறி வந்து போட்டுவிட்டுப் போன வரியைச் சுத்தமாக வாரிக் கொட்டிவிடும். புதன்கிழமை அக்கா போய் நிற்கும்போது மணலில் இருப்பது முந்தின நாள் கடல் சோம்பலாக வந்துபோன வரி மட்டும். அதே ஜீப், அதே ஓட்டுநர்! இரண்டு நாள் வரியை அழித்துவிட்டு மூன்றாம் நாள் அதே வரியைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். பதினொரு வருஷம். சிரிக்கவா அழவா, நீங்களே சொல்லுங்கள்.

அக்கா லஞ்சம் வாங்கினவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவள் மேசையில் ஒரு டீ கூட வந்தவர் காசில் குடித்ததில்லை. அளவில் அரை மீட்டர் குறைந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "அக்கா, அரை மீட்டர்தானே, கண்ணை மூடிக்கோங்க" என்று கெஞ்சினவர்களிடம், "நான் மூடிக்கிறேன், கடல் மூடிக்குமா?" என்று கேட்டவள். ஊரே அவளை நம்பியதும் அதனால்தான்.

ஊரைவிட அதிகமாக நம்பியது அவளுடைய தங்கச்சி. அக்காவைவிடப் பதினான்கு வயது சின்னவள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தலைவாரிப் பின்னல் போட்டதிலிருந்து கட்டிக் கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். அக்காவுக்கு என்று ஒரு கல்யாணம் காட்சி இல்லை. கேட்டால், "ஒரு பிள்ளையை வளர்த்தாச்சு, போதும்" என்பாள். தங்கச்சியின் வீட்டுக்காரர் படகு மோட்டார் பழுது பார்க்கிறவர். வாடகை வீடுகளில் பன்னிரண்டு வருஷம் அலைந்த பிறகு, பட்டறைக்குப் பக்கத்திலேயே கரையோரமாக ஒரு இடம் வந்தது.

சொந்தக்காரர் ஃபைலைத் தொடக்கூடாது என்று அக்கா மேலதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தாள். "இங்க வேற ஆள் யாரும்மா இருக்கா? நீயே பாரு" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கச்சியின் இடம் என்பதால் மூன்று தடவை அளந்தாள். மூன்று புதன்கிழமை. நூற்றெட்டு மீட்டர். தங்கச்சி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "எனக்கென்ன பயம், எங்கக்கா அளந்த இடம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். அக்கா வரும்போது படுக்க என்று ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தாள்.

வீடு கட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு விடுமுறை நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா அங்கே போயிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கொல்லைப்பக்கக் குழாயில் கை கழுவும்போது கடலைப் பார்த்தாள். அன்றைக்குப் பௌர்ணமி. மணல் ஈரமாக இருந்த இடம் எங்கேயோ மேலே இருந்தது. அவள் பாட்டுக்குக் கையை உதறிக்கொண்டு நடந்தாள், பழக்க தோஷம், தப்படியை எண்ணிக்கொண்டே. அவளுக்குப் பதின்மூன்று தப்படி என்றால் பத்து மீட்டர். ஈர மணலில் கால் பட்டபோது எண்பத்து மூன்று.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். எண்பத்து மூன்று.

"என்னக்கா, சாப்பிட்டது செரிக்கலையா? இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கறே?" என்று ஜன்னலிலிருந்து தங்கச்சி சிரித்தாள்.

அறுபத்து நான்கு மீட்டர். அடுத்த அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் போய், தனி ஆளாகக் கரை முழுக்க அளந்தாள். அவள் கையெழுத்துப் போட்ட கட்டடம் மொத்தம் முப்பத்திரண்டு. அதில் நூறு மீட்டருக்குள் இருந்தது இருபத்தாறு. ஒரு ஓட்டலும் உண்டு. புயல் காற்று ஒரு நாள் பௌர்ணமியோடு சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த வீடுகளில் எத்தனை குழந்தைகள் என்று அவளுக்குத் தெரியும். ஃபைலில் குடும்ப விவரம் இருக்கிறதே.

நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். அதைக் கொடுத்தால் தங்கச்சி வீடு போய்விடும். கொடுக்காவிட்டால் அடுத்த புதன்கிழமை இன்னொருத்தர் வீட்டுக்கு அதே பொய்யான அளவில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாரம் அந்தக் காகிதம் கைப்பையில் டேப்போடு கிடந்தது. முதலில் தங்கச்சியிடம் சொல்லிவிடுவோம் என்று கிளம்பிப் போனாள். தங்கச்சி வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புதிதாகப் போட்டிருந்த அலமாரியைத் திறந்து மூடிக் காட்டினாள். பிள்ளைகள் பெரியம்மா பெரியம்மா என்று மேலே விழுந்தார்கள். சோறு போட்டாள், அக்கா சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள், அதையும் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அடுத்த தடவை சொல்லிக்கலாம் என்று பஸ் ஏறிவிட்டாள்.

அந்த ஒரு தப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அளவில் வந்த தப்பு ஜீப்போடு போகட்டும். இது அவளே செய்தது. பாவி, அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம்!

மறுநாள் அறிக்கையைக் கொடுத்தாள். மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, ஓய்வுபெற உனக்கு இன்னும் மூணு வருஷம்தானே? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"சும்மா இருந்ததாலதான் சார் இவ்வளவும்."

"இதுல உன் தங்கச்சி வீடும் இருக்கே."

"பதினேழாவது வரிசையில இருக்கு சார்."

அவர் அறிக்கையை நகர்மன்றத்துக்கு அனுப்பி வைத்தார். மன்றக் கூட்டத்தில் இரண்டு நாள் கத்திக் கூச்சல் போட்டார்கள். கடைசியில், மூன்று வருஷத்துக்குள் அனுமதி வாங்கின கட்டடங்களை அகற்றுவது, பழையவற்றைப் பற்றி ஆராய ஒரு குழு போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஓட்டல் ஆறு வருஷத்துக்கு முந்தியது. மூன்று வருஷத்துக்குள் வந்தவை ஒன்பது வீடுகள், ஒன்பதும் சின்னச் சின்ன வீடுகள். மாற்று இடம் தருவதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். அதற்கான ஃபைல் இன்றைக்கு எந்த மேசையில் இருக்கிறது என்று அக்காவுக்கே தெரியாது.

ஒன்பது கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். தங்கச்சி கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, கையில் பையோடு வாசலில் நின்று அதைப் படித்தாள். கீழே இருந்த கையெழுத்தைப் படிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அவள் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு முழுக்க அந்தக் கையெழுத்துதானே. உடனே ஃபோன் செய்தாள்.

"அக்கா, யாரோ உன் கையெழுத்தைப் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. நீ கொஞ்சம் வந்து என்னன்னு கேளேன்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில் அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி இரண்டு தடவை, "அக்கா? இருக்கியா?" என்று கேட்டாள்.

"நான்தாண்டி போட்டேன்."

ஃபோன் வைக்கப்படவில்லை. அப்புறம் தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்கு வந்து ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

வீட்டை இடித்த அன்றைக்கு அக்கா போனாள். போக வேண்டியது அவள் வேலை. இடித்து முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கச்சி எதிர்ப்பக்கம் சாமான்களுக்கு நடுவில் நின்றாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தாலாவது பரவாயில்லை. சாமான்களை ஏற்றிய வண்டியில் அந்தக் கட்டில் மட்டும் இல்லை. யாரோ கேட்டதற்கு, அது எங்களுது இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அக்கா பௌர்ணமிக்குப் பௌர்ணமி லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் அங்கே போகிறாள். அலுவலகம் கேட்கவில்லை, யாரும் அனுப்பவில்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல், அங்கங்கே செங்கல் துண்டு. கடல் எங்கே வரை வருகிறது என்று பார்ப்பாள். அறுபது, அறுபத்தைந்து என்று வந்து நின்றுவிடும். இரண்டு மழைக்காலம் போனது, ஒரு பெரிய காற்றும் அடித்தது. ஓட்டலில் விளக்கு எரிகிறது, எட்டு வருஷமாக அது பாட்டுக்கு நிற்கிறது. அக்கா மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது: வந்து தொலையேன், ஒரே ஒரு தடவை இந்த இடத்தின் மேல் ஏறிவிட்டுப் போயேன். கடலிடமிருந்து மனிதரைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவள், கடலை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். அதை நினைத்து அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அடுத்த மாதம் போய்விடுவாள்.

போன பௌர்ணமிக்கு, காலை பத்து மணி இருக்கும், முளை அடித்து டேப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் இருக்கும் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் தங்கச்சி அந்த வழியாக வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். அக்காவைப் பார்த்தும் ஒதுங்கிப் போகவில்லை, வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"வந்துச்சா?" என்று தங்கச்சி கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றாள் அக்கா. "அறுபத்து ரெண்டு மீட்டர்ல நின்னுடுச்சு. ஆனா வரும். ஒரு நாள் கண்டிப்பா வரும். என்னிக்குன்னுதான் தெரியலை. அன்னிக்கு நீயும் பிள்ளைங்களும் உள்ளே இருந்திருந்தா..."

"நீ அளந்தது தப்பாயிருக்காது. அது எனக்குத் தெரியும்" என்றாள் தங்கச்சி. குரலில் கோபமே இல்லை. "நீ முன்னாடியே சொல்லியிருந்தா நானே காலி பண்ணியிருப்பேன். உன் பேச்சை நான் எதுல தட்டியிருக்கேன்? கடல் வந்து எடுத்திருந்தாலும் எனக்கு வீடு மட்டும்தான் போயிருக்கும்."

காலிப் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "வரேங்க" என்றாள், முன்பின் தெரியாத ஒரு அதிகாரியிடம் விடைபெறுவதுபோல. சொல்லிவிட்டுச் செங்கல் துண்டுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.